இன்னொரு தடவை எழுதலாமா? எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வும் நம் கடற்கரையும்

நம் கல்லூரி மலர்களில் பேராசிரியர்களைப் பற்றி எழுதுவார்கள். விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதுவார்கள். விளையாட்டு விழாவில் வாங்கிய கோப்பையைப் பற்றி எழுதுவார்கள். எல்லாம் வேண்டியதுதான். இந்த மலரில் ஒரு தேர்வின் வரலாற்றைப் பற்றி எழுத இடம் கேட்டேன். சங்கத்தார் அன்போடு கொடுத்தார்கள்.

காரணம் இதுதான். ஆண்டுதோறும் ஜனவரி மாதம் வந்தால் நம் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராவது என்னிடம் வந்து நிற்பார்கள். "அண்ணே, கேட் எழுதினேன். மார்க் பத்தாது போல இருக்கு. இன்னொரு தடவை எழுதலாமா, இல்ல வேலைக்குப் போயிரவா?" என்பார்கள். கேட்கிற குரலிலேயே ஒரு கூச்சம் இருக்கும். ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி.

அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது? நம் பக்கத்தில் ஒரு பரீட்சையைத் திரும்ப எழுதுவது என்றால் அதற்கு ஒரே பெயர்தான் உண்டு: 'அரியர்'. போன தடவை பெயிலானவன்தான் மறுபடி எழுதுவான் என்பது ஊர் வழக்கு. மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்கு அந்தக் கணக்கே பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதை அந்தத் தேர்வின் வரலாறே சொல்லும். முன்னாள் மாணவர்கள் பொறுமையாகப் படியுங்கள். இன்றைய தம்பி தங்கைகள் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு படியுங்கள்.

தேர்வு இல்லாத காலம்

வணிகம் நம் கடற்கரைக்குப் புதிதல்ல. கீழக்கரை மரக்கலங்கள் கடல் தாண்டிப் போன காலத்தில் யாரும் நுழைவுத் தேர்வு வைத்து ஆள் எடுக்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டு வள்ளல் சீதக்காதி அந்தக் கீழக்கரை வணிகர்களில் ஒருவர்தான். சங்கும் முத்தும் கருவாடும் கைமாறிய இடங்களில் மாமனோடும் அண்ணனோடும் கூடப் போய்த்தான் பிள்ளைகள் தொழில் கற்றார்கள்.

1985-இல் பழைய ராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரியும் வரை செட்டிநாடும் நம் மாவட்டத்தில்தான் இருந்தது. நகரத்தார் கடைகளில் 'பெட்டியடிப் பையன்' என்று ஒரு பதவி உண்டு. சின்ன வயதிலேயே பையனைக் கொண்டுபோய்ப் பர்மாவிலோ மலேயாவிலோ இலங்கையிலோ உள்ள கடையில் விடுவார்கள். கணக்கு எழுதக் கற்று, வட்டி போடக் கற்று, ஆள் பார்த்துக் கடன் கொடுக்கக் கற்று, பல ஆண்டுகள் கழித்துத்தான் அவன் பொறுப்புக்கு வருவான். இன்றைக்கு 'இன்டர்ன்ஷிப்' என்கிறோமே, அதற்கு நம் ஊரில் அன்றைக்கே வழக்கம் இருந்தது.

அந்த முறையில் ஒரு நன்மை, ஒரு குறை. ஒரே நாளில் பையனை எடைபோட்டு ஒதுக்கிவிட மாட்டார்கள் என்பது நன்மை. சொந்தக்காரப் பையனாக இருந்தால்தான் உள்ளேயே விடுவார்கள் என்பது குறை. மீன்பாடு பார்க்கிறவர் பிள்ளையோ, பனை ஏறுகிறவர் பிள்ளையோ அந்தப் பெட்டியடிக்குப் போக வழி கிடையாது. யாருடைய பிள்ளை என்று கேட்காத ஒரு வாசல் வேண்டுமென்றால் அதற்குப் பொதுத் தேர்வு வந்தாக வேண்டும். வந்தது, ஆனால் வெகு தொலைவிலிருந்து வந்தது.

தேர்வு பிறந்த கதை

அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளி 1881-இல் தொடங்கியது. ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908-இல் தொடங்கியது. தொடக்கத்தில் பட்டப் படிப்பு மதிப்பெண்ணையும் சிபாரிசுக் கடிதத்தையும் வைத்தே இடம் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கல்லூரிகளுக்குக் கூட்டம் கூடியது. ஒரு கல்லூரியில் வாங்கிய 60-ஐயும் இன்னொரு கல்லூரியில் வாங்கிய 60-ஐயும் எப்படி ஒப்பிடுவது என்று குழப்பம் வந்தது. நமக்கும் தெரிந்த குழப்பம்தானே!

1953-இல் ஒன்பது வணிகப் பள்ளிகளின் பிரதிநிதிகள், தேர்வு நடத்துவதற்கென்றே 1947-இல் தொடங்கப்பட்ட இ.டி.எஸ். நிறுவனத்தோடு உட்கார்ந்து பேசினார்கள். 1954 பிப்ரவரியில் முதல் தேர்வு நடந்தது. அப்போது அதன் பெயர் ஏ.டி.ஜி.எஸ்.பி. 1976-இல்தான் 'ஜிமேட்' என்று பெயர் மாறியது. 1997-இல் தாளை விட்டுக் கணினிக்கு வந்தது. நாம் சரியாக விடை சொன்னால் அடுத்த கேள்வி கடினமாக வரும். தவறினால் கொஞ்சம் எளிதாக வரும். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கேள்விகள்.

இந்த ஜிமேட்டின் விதிகளைப் படித்தால் ஒரு விஷயம் புரியும். ஒருவர் இதை ஒரே தடவைதான் எழுதுவார் என்று அதை நடத்துகிறவர்களே நினைக்கவில்லை. ஒரு தடவை எழுதி 16 நாள் கழிந்தால் மறுபடி எழுதலாம். 12 மாதத்துக்குள் 5 தடவை வரை எழுதலாம். மதிப்பெண் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் 2 மணி 15 நிமிடத்தில் 64 கேள்விகள். மதிப்பெண் 205-இலிருந்து 805 வரை. அதில் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மூன்று விடைகள் வரை திரும்பிப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். திரும்பப் பார்ப்பது தேர்வுக்குள்ளேயே ஓர் உரிமையாகிவிட்டது. எழுதிய தேர்வைத் திரும்ப எழுதுவதற்கு மட்டும் நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

இந்தியாவில்

நம் நாட்டில் 1961 நவம்பரில் கல்கத்தாவிலும் டிசம்பரில் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம். தொடங்கப்பட்டது. கல்கத்தாவுக்கு எம்.ஐ.டி.யின் ஸ்லோன் பள்ளியும், அகமதாபாத்துக்கு ஹார்வர்டும் கைகொடுத்தன. 1973-இல் பெங்களூர், 1984-இல் லக்னோ என்று அடுத்தடுத்து வந்தன. 1990-களின் முதல் பாதி வரை நாடு முழுவதற்கும் இந்த நான்குதான். 1996-இல் கோழிக்கோடும் இந்தூரும் சேர்ந்தன. நம் தமிழ்நாட்டுக்கு ஐ.ஐ.எம். வருவதற்கு 2011 ஆகிவிட்டது. அந்த ஆண்டுதான் திருச்சியில் தொடங்கினார்கள்.

இவற்றுக்கெல்லாம் பொதுவான நுழைவுத் தேர்வுதான் 'கேட்'. 2008 வரை தாளும் பென்சிலும். 2009 முதல் கணினி. 2024-இல் நடந்த தேர்வில் 120 நிமிடம், 68 கேள்விகள். ஆங்கில வாசிப்பு, தரவு-தர்க்கம், கணிதம் என்று மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். சரியான விடைக்கு 3 மதிப்பெண். தேர்ந்தெடுத்து எழுதும் கேள்வியில் தவறினால் 1 மதிப்பெண் போய்விடும். மதிப்பெண் அந்த ஓர் ஆண்டு சேர்க்கைக்குத்தான் செல்லும். எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் எழுதலாம். தடவைக்கு வரம்பு கிடையாது.

நம் மாநிலத்துக்குள் எம்.பி.ஏ. சேர அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் 'டான்செட்' இருக்கிறது. அதையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம்.

பாலமும் ரயிலும் புயலும்

விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் எழுதப் போகிற வழி எல்லோருக்கும் ஒன்றல்ல. இங்கேதான் நம் கடற்கரையின் வரலாறு உள்ளே வருகிறது.

ராமேசுவரம் தீவுக்கு 1914 முதல் ரயில் பாலம் இருக்கிறது. சாலைப் பாலம் திறந்தது 1988 அக்டோபர் 2 அன்றுதான். அதுவரை தீவுப் பிள்ளை மதுரைக்கோ சென்னைக்கோ போய் ஒரு தேர்வு எழுத வேண்டுமென்றால் ரயில் கால அட்டவணை சொன்னபடிதான் நடக்க வேண்டும். பாம்பனில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பழைய பாலத்தில் ரயிலை விடமாட்டார்கள். கேட் தேர்வு வருவதோ ஆண்டுக் கடைசியில். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழையும், புயல் எச்சரிக்கைக் கூண்டும், 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்ற வானொலி அறிவிப்பும் வருகிற அதே மாதங்களில்! வேறு ஊர்ப் பிள்ளைகள் கணக்குப் பாடத்தை மட்டும் பார்த்தால் போதும். நம் பிள்ளைகள் வானத்தையும் பார்க்க வேண்டும்.

அகல ரயில் பாதை ராமேசுவரத்துக்கு வந்தது 2007-இல். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கும் வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தீவுக்குள் ரயிலே வரவில்லை. அந்த இடைவெளியில் தேர்வு எழுதிய பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள்.

என் அனுபவத்தையும் இந்த வரலாற்றில் ஓர் ஓரமாகச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். முடித்து முதல் தடவை எழுதியது 1994-இல். மீட்டர் கேஜ் சேது எக்ஸ்பிரசில் ஏறி எழும்பூரில் இறங்கினேன். அந்தக் காலத்தில் தயாரிப்பு என்றால் என்ன? நார்மன் லூயிசின் ஆங்கிலச் சொல் புத்தகம், ஆர்.எஸ். அகர்வாலின் கணக்குப் புத்தகம், சகுந்தலா தேவியின் புதிர்கள், நூலகத்தில் 'ஹிந்து' தலையங்கம். கொஞ்சம் வசதி இருந்தால் பம்பாயிலிருந்தோ ஹைதராபாத்திலிருந்தோ தபாலில் வரும் பயிற்சித் தாள்கள். ஒரு கட்டுத் தாளை நாங்கள் நான்கு பேர் பங்கு போட்டு, பென்சிலில் விடை எழுதி, அழித்துவிட்டு அடுத்தவனுக்குக் கொடுப்போம்.

அழைப்பு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. முதல் தடவை எனக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு மறுபடி டி.டி. எடுக்கப் பணம் கேட்டபோது வீட்டில் நடந்த பேச்சு இது:

"ஏப்பா, போன வருசந்தான எழுதுன? பெயிலாப் போயிட்டியா?"

"பெயில் இல்லப்பா. இதுல பாஸ் பெயிலே கிடையாது."

"பாஸும் இல்ல, பெயிலும் இல்லன்னா, அப்ப எதுக்குப்பா மறுபடி எழுதணும்?"

கடையில் பற்று வரவு பார்த்துப் பழகியவருக்கு அது நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. "அப்பா, ஏலத்துல ஒருநாள் மீனுக்கு விலை கம்மியாப் போனா, மீன் கெட்டுப் போச்சுன்னா அர்த்தம்? அன்னிக்கு வரத்து அதிகம், அவ்வளவுதான்" என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாம் தடவை நேர்முகம் வரை போனேன். ஐ.ஐ.எம். கிடைக்கவில்லை. ஆனால் அந்த இரண்டாண்டுத் தயாரிப்பு வேறொரு கல்லூரியின் நுழைவுத் தேர்வில் கைகொடுத்தது. அங்கே சேர்ந்து படித்து, அந்தப் படிப்பில்தான் இன்றுவரை சோறு சாப்பிடுகிறேன்.

தேர்வே மறுதேர்வு எழுதிய கதை

இனி வரலாற்றின் முக்கியமான பகுதிக்கு வருவோம். 2003 நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை. நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கேட் எழுதினார்கள். வினாத்தாளை முன்கூட்டியே கசியவிட்டு விற்ற கும்பல் ஒன்று அகப்பட்டது. தேர்வு ரத்தானது. ஒழுங்காகப் படித்து ஒழுங்காக எழுதிய அத்தனை பேரும் 2004 பிப்ரவரி 15 அன்று மறுபடி போய் உட்கார்ந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்த ஓர் ஆண்டு, ஐ.ஐ.எம்.களில் சேர்ந்த மாணவர்கள் அனைவரும் இரண்டாவதாக வைத்த தேர்வில் வந்தவர்கள்தான். அவர்களில் யாரையும் 'அரியர் எழுதி வந்தவர்' என்று யாரும் சொல்லவில்லையே!

அடுத்தது 2009. முதன்முறையாகக் கணினியில் நடந்த கேட். நவம்பர் 28-இல் தொடங்கிப் பல நாள் நடந்தது. பல மையங்களில் கணினிகள் வைரஸ் பிடித்து நின்றுபோயின. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்திருந்த தேர்வு அது. பாதிக்கப்பட்டவர்களுக்கு 2010 ஜனவரி 30, 31 தேதிகளில் மறுதேர்வு வைத்தார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது. தேர்வு நடத்துகிறவர்களுக்கு ஒரு நாள் சரியாக அமையவில்லை என்றால் இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறார்கள். யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை. அதுதான் நியாயம் என்கிறோம். தேர்வு எழுதுகிறவனுக்கு ஒரு நாள் சரியாக அமையாவிட்டால்? காய்ச்சலாக இருக்கலாம், வீட்டில் துக்கமாக இருக்கலாம், புயலில் பஸ் நின்றிருக்கலாம். அவனுக்கும் இன்னொரு நாள் உண்டு என்பதுதானே நியாயம்?

ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. தேர்வு ரத்தானபோது மறுபடி எழுதுவதற்குத் தனிக் கட்டணம் வேண்டியிருக்கவில்லை. நம் பிள்ளைக்கு நாள் சரியில்லை என்றால் அதற்கான விலையை அவன் வீடுதான் கொடுக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இங்கேதான் திரும்ப வருவேன்.

ஒன்பதாவது இடம்

மார்க் குறைந்தால் அறிவு குறைவு என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு நம் மண்ணின் உதாரணம் ஒன்று. ராமேசுவரத்தில் பிறந்து, ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாம், 1958 வாக்கில் விமானப் படைத் தேர்வுக்கு டேராடூன் போனார். வந்திருந்தவர்கள் 25 பேர். எடுத்துக்கொண்டது 8 பேர். கலாமுக்கு ஒன்பதாவது இடம்.

ஒன்பதாவது வந்தவருக்கு விமானம் ஓட்டத் தெரியாது என்று அர்த்தமா? அன்றைக்கு இடம் எட்டுத்தான் இருந்தது என்று அர்த்தம். வரிசைத் தேர்வின் இயல்பே இதுதான். நுழைவுத் தேர்வில் தரும் 'பெர்சன்டைல்' என்பதும் அப்படிப்பட்ட வரிசை எண்தான். 2024-இல் கேட் எழுதியவர்கள் சுமார் 2 லட்சத்து 93 ஆயிரம் பேர். அதில் ஒருவர் 90 பெர்சன்டைல் வாங்கினால், நூற்றுக்குத் தொண்ணூறு பேரை முந்திவிட்டார். ஊரில் சொன்னால் கைதட்டுவார்கள். ஆனாலும் அவருக்கு முன்னால் இன்னும் 29 ஆயிரம் பேர் நிற்கிறார்கள்! 97-இலிருந்து 98-க்குப் போவதற்குள் ஏறத்தாழ மூவாயிரம் பேரைத் தாண்ட வேண்டும். இரண்டு மூன்று கேள்விகளில் இந்தத் தாண்டல் நடந்துவிடும். அப்படிப்பட்ட எண்ணை வைத்துக்கொண்டு 'நான் இவ்வளவுதான்' என்று ஒரு பிள்ளை முடிவு கட்டுவது சரியா?

அதே கலாம் பொறுப்பேற்று நடத்திய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் 1979 ஆகஸ்ட் 10 அன்று கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று இரண்டாம் முறை ஏவி வெற்றி கண்டார்கள். பிறகு குடியரசுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்று, மேலாண்மைக் கல்லூரிகளில் வகுப்பெடுத்தார். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங் ஐ.ஐ.எம். மாணவர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்து இறந்தார். பேக்கரும்பில் அவர் நினைவிடத்துக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒன்பதாவது இடம்தான் நினைவுக்கு வரும்.

இரண்டாம் தடவைக்கு எப்படித் தயாராவது?

வரலாறு மட்டும் சொல்லிவிட்டுப் போனால் தம்பி தங்கைகள் விடமாட்டார்கள். எனக்குத் தெரிந்ததை, பல ஆண்டுகளாக நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலாவது, இரண்டாம் தடவைக்குப் புதுப் புத்தகம் வாங்குவதில் தொடங்காதீர்கள். ஒரு நோட்டுப் போடுங்கள். போன தடவையும் மாதிரித் தேர்வுகளிலும் தவறிய கணக்குகளை மட்டும் அதில் எழுதுங்கள். பக்கத்தில் காரணம் எழுதுங்கள்: தெரியாதது, தெரிந்தும் அவசரத்தில் விட்டது, நேரம் தின்றது. இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. தெரியாததற்குப் படிப்பு. அவசரத்துக்குப் பழக்கம். நேரம் தின்பதற்கு, அந்தக் கணக்கை விட்டு நகரும் துணிச்சல்.

இரண்டாவது, எல்லாக் கேள்விக்கும் விடை எழுத இது பல்கலைக்கழகத் தேர்வு அல்ல. 40 நிமிடத்தில் 22 கேள்வி என்றால் ஒன்றுக்கு இரண்டு நிமிடம்கூட முழுதாக இல்லை. எதை எழுதுவது என்பதைவிட எதை விடுவது என்பதுதான் பாதித் தேர்வு. குருட்டாம்போக்கில் குறித்தால் கழிவு வேறு. வலையில் அகப்பட்டதையெல்லாம் கரைக்குக் கொண்டு வருகிற மீனவர் உண்டா? கழிக்க வேண்டியதைக் கடலிலேயே கழிப்பார்கள்.

மூன்றாவது, ஆங்கிலம். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் பயப்படுவது இங்கேதான். சொற்களை மனப்பாடம் செய்வதால் இது தீராது. இன்றைய தேர்வு பெரும்பாலும் நீண்ட பத்திகளைப் படித்துப் புரிந்துகொள்வதைத்தான் சோதிக்கிறது. தினம் ஒரு மணி நேரம், நமக்குப் பழக்கமில்லாத பொருளில் ஒரு கட்டுரை: வரலாறு, பொருளாதாரம், உயிரியல் எதுவானாலும் சரி. படித்து முடித்ததும் கட்டுரையாளர் என்ன சொல்ல வருகிறார் என்று தமிழில் இரண்டு வரி எழுதிப் பாருங்கள். தமிழில் சொல்ல வந்துவிட்டால் புரிந்துவிட்டது என்று பொருள். ஆறு மாதம் விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும்.

நான்காவது, எந்த ஆண்டையும் சும்மா விடாதீர்கள். வேலை பார்த்துக்கொண்டே எழுதுங்கள். ஐ.ஐ.எம்.கள் பலவும் வேலை அனுபவத்துக்கு மதிப்புக் கொடுக்கின்றன. வங்கியிலோ, ஏற்றுமதிக் கம்பெனியிலோ, அப்பாவின் கடையிலோ கணக்குப் பார்த்த ஓர் ஆண்டு நேர்முகத்தில் பேசும்.

ஐந்தாவது, எப்போது நிறுத்துவது? இதையும் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு எழுதிக்கொண்டே இருப்பதும் அறிவுடைமை அல்ல. அந்தத் தப்புக் கணக்கு நோட்டில் இரண்டாம் ஆண்டும் அதே கணக்குகள், அதே காரணங்கள் வருமானால், வழியை மாற்றிக்கொள்ளுங்கள். டான்செட் இருக்கிறது, வேறு நல்ல கல்லூரிகள் இருக்கின்றன, கலாம் போன மாதிரி வேறு கதவும் இருக்கிறது. ஆனால் அந்த முடிவை நோட்டைப் பார்த்து எடுங்கள். ஊர்ப் பேச்சைக் கேட்டு எடுக்காதீர்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

கடைசியாக முன்னாள் மாணவர்களிடம் வருகிறேன்.

நம் பிள்ளைகளின் முதல் தடவைக்குப் பணம் எப்படியாவது வந்துவிடுகிறது. அம்மா சீட்டுப் பணத்தை எடுப்பார். அக்கா சம்பளத்தில் கொடுப்பார். 'எங்க வீட்டுப் பிள்ளை பெரிய பரீட்சை எழுதுது' என்று ஒரு பெருமை இருக்கும். இரண்டாம் தடவைக்குத்தான் கை நடுங்குகிறது. 2024-இல் கேட் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 2500 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத் திறனாளி மாணவர்களுக்கு 1250. ஜிமேட் என்றால் 250 டாலருக்கு மேல். இதோடு மாதிரித் தேர்வு, பயணம், ஒரு ராத்திரி தங்கல்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சேர்க்கை முன்பணம் கட்டச் சொல்லிக் கல்லூரிகள் கடிதம் அனுப்புவது ஏப்ரல், மே மாதங்களில். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். அந்த வீடுகளில் வருமானம் அடியோடு நின்றிருக்கும் நேரத்தில்தான் கடிதம் வந்து கதவைத் தட்டும். இந்த ஒரு காரணத்தால் கிடைத்த இடத்தை விட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மார்க்கில் தோற்றவர்கள் அல்லர்; மாதத்தில் தோற்றவர்கள்.

ஆகவே, நம் சங்கம் முதல் மதிப்பெண் வாங்கியவருக்குப் பதக்கம் கொடுப்பதோடு இன்னொன்றையும் செய்யலாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். 'இரண்டாம் முறை நிதி' என்று சின்னதாக ஒன்று. ஆண்டுக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டாம் முறைக்கான தேர்வுக் கட்டணம். மதுரையிலும் சென்னையிலும் இருக்கும் நம் ஆட்கள், தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு போட்டுப் படுக்க இடம் கொடுத்தால் போதும். இடம் கிடைத்தவர்களுக்குத் தடைக்காலம் முடியும் வரை முன்பணத்தைக் கைமாற்றாகக் கொடுக்கலாம். படகு கடலுக்குப் போனதும் திருப்பிக் கட்டிவிடுவார்கள். நம் ஆட்கள் கடன் வைத்து ஓடுகிறவர்கள் அல்லர்.

என் பங்கு முதல் ஐந்து பிள்ளைகளின் கட்டணம். எழுதிக் கொடுத்துவிட்டேன். மீதியை இந்த மலரைப் படிக்கிற அண்ணன்மார், அக்காமார் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை இருக்கிறது.

தம்பி தங்கைகளே, கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் தொடங்கும்; தேர்வு நவம்பர் கடைசி ஞாயிறு வாக்கில் வரும். போன தடவை எழுதியவர்கள் ஜூலைக்குள் நோட்டோடு வாருங்கள். யாராவது 'அரியரா?' என்று கேட்டால், 'இல்லை, இது இரண்டாம் முறை' என்று நிமிர்ந்து சொல்லுங்கள்.